அண்ணி அடித்த ரிவெட்டுகள்

இரவெல்லாம் அடித்த காற்று அடங்கிய காலையில் மின்னலுக்கு ஒரே மூச்சில் இரண்டு செய்திகள் வந்தன. சொன்னவர் படகுத்துறைக் காவலர். நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்லும் வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது.

"மீன் ஏறிடுச்சு. உன் படகு கிழிஞ்சிடுச்சு. எதை முதல்ல பார்க்கணுமோ பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மின்னல் என்பது துறையில் அவளுக்கு வைத்த பெயர். எதையும் ஓட்டமும் நடையுமாகவே செய்கிறவள். அன்றைக்கு நடை இல்லை, ஓட்டம் மட்டும்தான். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து கடலோடு கலக்கும் சமயத்தில் கொடுவா மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கழிமுகத்துக்குள் நுழையும். ஒரு சில நாள்தான். அப்புறம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் அந்தச் சமயம் பார்த்து அவளுடைய இன்ஜின் படுத்துவிட்டது. எல்லாப் படகும் போய் வந்ததைத் துறையில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தாள். இந்த வருஷமும் அப்படி நிற்பதாக இருந்தால் தூண்டிலை எல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டு வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடும்போதே நினைத்துக்கொண்டாள்.

துறை காலியாக இருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அவளுடைய அலுமினியப் படகு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, கன்னத்தில் அறை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றது. துறையின் கம்பத்தில் இருந்த ரப்பர் கழன்று, உள்ளேயிருந்த போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் அலை படகைத் தூக்கித் தூக்கி அந்த போல்ட்டின்மேல் போட்டிருக்கிறது. பின்பக்கத்தில் பெரிய தட்டு அளவுக்குக் குழி. குழிக்குக் கீழே, பக்கத் தகடும் அடித் தகடும் சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

"வெல்டர் எங்கே?" என்று காவலரிடம் கேட்டாள்.

காவலர் கழிமுகத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அவரும் மீன் பிடிக்கத்தான் போயிருக்கார். இன்னைக்கு யாரும்மா கரையில இருப்பா?"

தூரத்தில் பறவைகள் வட்டமிட்டு வட்டமிட்டு விழுந்துகொண்டிருந்தன. பறவை விழுகிற இடத்தில் சின்ன மீன் இருக்கும். சின்ன மீன் இருக்கிற இடத்தில் கொடுவா இருக்கும். இப்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் மறுபடி ஏறும். அதற்குள் படகு தண்ணீரில் இருக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் கை வைக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் வேறு யார் என்று மின்னல் யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு முகம்தான் வந்தது. அது அண்ணியின் முகம்.

அண்ணி பஸ்சுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். வெறும் சேசிஸாக உள்ளே வரும் வண்டிக்குச் சட்டம் போட்டு, அலுமினியத் தகடு போர்த்தி, ரிவெட் அடித்து பஸ்சாக வெளியே அனுப்புகிற வேலை. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணிக்கும் மின்னலுக்கும் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. சண்டை போடும் அளவுக்கு அவர்கள் பேசியதே இல்லை என்பதுதான் காரணம். "வாங்க", "சாப்பிட்டீங்களா", "கிளம்பறீங்களா" என்ற மூன்று சொற்களில் அந்த நாத்தனார் உறவு தட்டுத் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி ஒருநாளும் துறைப் பக்கம் வந்ததில்லை. மின்னல் ஒருநாளும் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை.

அண்ணிக்கு அன்று விடுமுறை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மின்னல் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

"அண்ணி, என் படகு கிழிஞ்சிடுச்சு. துறைக் கம்பம் குத்திடுச்சு."

அண்ணி கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போடவில்லை. "மடங்கியிருக்கா, கிழிஞ்சிருக்கா?"

"ரெண்டும்."

"நடுவுலயா, ஓரத்துலயா?"

"பக்கமும் அடியும் சேர்ற இடத்துல."

"உள்பக்கம் ஆள் போக இடம் இருக்குமா? ரிவெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

"சீட்டைக் கழட்டினா நான் நுழைஞ்சிடுவேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், அளவு எடுப்பதுபோல. "நுழைஞ்சிடுவீங்க" என்றாள். ஈரச் சட்டை வாளிக்குள் விழுந்தது. மின்னல் டிரெயிலர் இழுக்கும் வண்டியைக் கிளப்புவதற்குள் அண்ணி கருவிப் பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரிக்கு அவள் ஏற்கெனவே போன் போட்டுவிட்டாள். விடுமுறையில் பட்டறை சும்மாதான் கிடக்கிறது, போகும்போது கூட்டிவிட்டுப் போங்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

படகை டிரெயிலரில் ஏற்றிப் பட்டறைக்குள் இழுத்து வந்தபோது, பாதி கட்டிய பஸ் ஒன்று எலும்பும் தோலுமாக உள்ளே நின்றது. அதன் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். அண்ணி படகைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். விரல் முட்டியால் தகட்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தாள். விரிசலுக்குப் பக்கத்தில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்ன அண்ணி, தேறுமா?"

"தேறாம என்ன. பஸ்சை லாரி இடிச்சிட்டு வர்றதைப் பார்த்திருக்கீங்களா? அதுக்கு முன்னாடி இதெல்லாம் கொசுக்கடி." சொல்லிவிட்டு அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை மின்னல் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அவள் சிரிப்பது வேறு சிரிப்பு. "வெல்டிங் வேணாம். தகடு மெல்லிசு, சூட்டுல கோணிக்கும். இடுக்குல பழைய பசை வேற இருக்கு. நாம ஒட்டுத் தகடு வெச்சு ரிவெட் அடிச்சிடலாம்."

பெட்ரோல் டாங்கையும் பேட்டரியையும் முதலில் இறக்கினார்கள். பின் சீட்டைக் கழற்றி, அதற்கடியில் இருந்த மிதவை நுரையை வெளியே எடுத்தார்கள். குழிக்கு வெளியே மணல் மூட்டையை வைத்து அண்ணி தோளால் அழுத்திப் பிடிக்க, மின்னல் உள்ளேயிருந்து மரச்சுத்தியால் தட்டினாள். அவள் எடுத்த எடுப்பில் நடுவில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"நடுவுல வேணாம். ஓரத்துலேருந்து வாங்க. சுத்திச் சுத்தி. அதட்டக் கூடாது, தாஜா பண்ணணும்."

தாஜா பண்ணுவது மின்னலுக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் தட்டினாள். தட்டத் தட்டக் குழி மெல்ல மெல்லக் கரைந்து, ஒரு கட்டத்தில் 'டப்' என்று தானே வெளியே குதித்தது. கையில் அந்த அதிர்வு ஏறியதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மீன் கொத்தும்போது தூண்டில் கம்பில் ஏறி வருகிற அதே துடிப்பு. தலையை வெளியே நீட்டி அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகமும் அப்படித்தான் இருந்தது.

பிறகு வேலை ஓட்டம் பிடித்தது. விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் அண்ணி டிரில்லால் சின்ன ஓட்டை போட்டாள். பஸ்சுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய தகட்டில் ஒரு துண்டை எடுத்து, படகின் மடிப்புக்குத் தக்கபடி வளைத்தாள். மூலைகளைக் கூராக விடாமல் அரத்தால் உருட்டினாள். மின்னல் கம்பிப் பிரஷ்ஷால் படகுத் தகட்டைப் பளபளவென்று தேய்த்தாள். பஸ் கண்ணாடிக்குப் போடுகிற கறுப்புப் பசையை ஒட்டுத் தகட்டில் தடவி வைத்து, நான்கு மூலையிலும் தற்காலிகமாக போல்ட் மாட்டி இறுக்கினார்கள்.

"இனிமே நீங்க உள்ளே" என்றாள் அண்ணி. கனமான ஒரு இரும்புக் கட்டியை மின்னலின் கையில் கொடுத்தாள். "நான் வெளியேருந்து ரிவெட்டை அடிப்பேன். உள்பக்கம் நீட்டிட்டு வர்ற முனையில இதை முட்டுக் கொடுத்துப் பிடிக்கணும். முனை நசுங்கிப் பொத்தான் மாதிரி ஆகணும். சத்தத்துல பேச்சு கேக்காது. ரெடின்னா ஒரு தட்டு தட்டுங்க. போதும்னா ரெண்டு."

மின்னல் பின்சீட்டுப் பெட்டிக்குள் உடம்பை மடித்து நுழைந்தாள். முழங்கால் நெஞ்சில் இடித்தது. திறப்பை அவள் உடம்பே அடைத்துக்கொண்டதில் உள்ளே இருட்டு. ரிவெட்டுக்குப் போட்ட ஓட்டைகள் வழியே மட்டும் ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. ஒரு ஓட்டை அடைந்தது. ரிவெட் வந்துவிட்டது. கட்டியை வைத்து ஒரு தட்டு தட்டினாள்.

அடுத்த நொடி உலகமே கடகடத்தது. காற்றழுத்தத்தில் ஓடும் ரிவெட் துப்பாக்கி வெளியே அடிக்க, உள்ளே அவளுடைய பல் ஆடியது. கட்டி நழுவியது. ரிவெட் முனை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு படுத்துவிட்டது. இரண்டு தட்டு தட்டினாள். அண்ணி அந்த ரிவெட்டை டிரில் போட்டு எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள். மறுபடி நழுவியது.

தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நல்லா அழுத்திப் பிடிடீ. படகு உன்னுதா, என்னுதா?"

'டீ' என்று சொன்னது சொன்னவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். அப்புறம் மின்னல் இருட்டுக்குள்ளிருந்து கத்தினாள்: "பிடிச்சிட்டுத்தான் அண்ணி இருக்கேன். நீ அடி."

ஒரு தட்டு. கடகடப்பு. இரண்டு தட்டு. விரலால் தடவிப் பார்த்தாள். பொத்தான் மாதிரி, உருண்டையாக, சூடாக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தட்டும் கடகடப்பும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டன. அண்ணி எப்போது அடிப்பாள் என்பது மின்னலின் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. மின்னல் எப்போது அழுத்துவாள் என்பது அண்ணிக்குத் தெரிந்தது. வெளிச்ச ஊசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி ஊசி அணைந்தபோது உள்ளே கும்மிருட்டு. வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் கறுப்புப் பசையோடு வெளியே வந்தவளைப் பார்த்து அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து சேர்ந்தான். அவன் டவுன் பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தான். கையில் டீ பிளாஸ்க். படகைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான்.

"நல்லவேளை, இந்த மட்டுல போச்சு. நேத்து நான் மட்டும் போகலைன்னா படகு கடலுக்கே போயிருக்கும்."

மின்னல் டீயை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். "நீ எங்கே போனே?"

"துறைக்குத்தான். காத்து கிளம்பினதும் போய் இன்னொரு கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தேன். உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"எந்தக் கம்பத்துல?"

"அதான், பக்கத்துல இருக்குமே, ரப்பர் போட்ட கம்பம்."

"எவ்வளவு இறுக்கமா கட்டினே?"

"அசையவே அசையாது. அப்படி ஒரு கட்டு."

தண்ணீர் ஏறும்போது படகும் ஏற வேண்டும். விலக இடமில்லாத படகு, அலை தூக்கும்போதெல்லாம் அந்தக் கம்பத்திலேயே இடித்து இடித்துத்தான் கிழிந்திருக்கிறது. அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மின்னலுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கத்துவதற்காக வாயைத் திறந்தவள் அண்ணியைப் பார்த்துவிட்டாள். அண்ணி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள். அவ்வளவுதான். மின்னலின் கோபம் மூக்கு வழியாகச் சிரிப்பாக வெளியேறியது. டீ சிந்தியது.

"நான் என்ன பண்ணேன் இப்போ?" என்றான் அண்ணன்.

"நீ ஒண்ணும் பண்ணலை" என்றாள் அண்ணி கண்ணைத் துடைத்தபடி. "அந்தத் தண்ணிக் குழாயைப் பிடி. படகுக்குள்ள கொஞ்சமா விடு. நிறைய விட்டா டிரெயிலர் உக்காந்துடும். கொஞ்சம்னா கொஞ்சம்."

படகுக்குள் தண்ணீர் விட்டு வெளியே ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மூவரும் கீழே படுத்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒட்டுத் தகட்டில் ஈரமே இல்லை. மின்னல் கைதட்டப் போனாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கே பார்."

படகின் முன்பக்கம், அடித் தகட்டின் நடுவில், ஒரு சொட்டு மெல்லத் திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பின்னால் வாங்கிய குத்தில் முன்னாலிருந்த ரிவெட்டுகள் தளர்ந்துவிட்டன. அதைக் கவனிக்காமல் போயிருந்தால் நடுக் கழிமுகத்தில் காலுக்கடியில் தண்ணீர் எழுந்திருக்கும். மின்னல் வாசல் பக்கம் பார்த்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தண்ணீர் இந்நேரம் திரும்பியிருக்கும்.

"நேரம் இருக்கா அண்ணி?"

"பேசிட்டிருந்தா இருக்காது."

அண்ணி சாக்கட்டியால் சொட்டும் இடங்களை வட்டமிட்டாள். தண்ணீரை வடித்தார்கள். மின்னல் இரும்புக் கட்டியோடு முன்னுக்குப் பாய்ந்தாள். தளர்ந்த ரிவெட்டுகளை எடுத்து, பசை தொட்டு, அவற்றைவிட ஒரு நூல் தடித்தவற்றை வைத்து அடித்தார்கள். அண்ணன் கேட்டதை எடுத்துக் கொடுத்தான், கேட்காததையும் எடுத்துக் கொடுத்தான், அதட்டல் வாங்கினான். மறுபடி தண்ணீர். மறுபடி மூவரும் தரையில்.

ஒரு சொட்டும் இல்லை.

"கழட்டினதையெல்லாம் ஏத்து, கிளம்பலாம்" என்றாள் அண்ணி.

துறையில் டிரெயிலரைப் பின்னுக்குத் தள்ளிப் படகை இறக்கினார்கள். நீரேற்றம் பாதிக்கு வந்திருந்தது. தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலந்து சுழித்துக்கொண்டு உள்ளே வந்தது. பறவைகள் கத்துவது கரைவரை கேட்டது. மின்னல் இன்ஜின் கயிற்றைப் பிடித்தபோது படகு ஒரு பக்கம் தாழ்ந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கே?" என்றான் கரையிலிருந்து அண்ணன். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "உனக்கு நீச்சலே தெரியாதே."

"நான் அடிச்ச ரிவெட்டு தண்ணிக்குள்ள எப்படி நிக்குதுன்னு நான் பார்க்க வேணாமா?"

மின்னல் மிதவைச் சட்டையை அண்ணியின் தலைவழியாக மாட்டினாள். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

கழிமுகத்தின் நடுவில் தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. சின்ன மீன்கள் கைநிறைய அள்ளி வீசிய சில்லறை மாதிரி மேலே தெறித்தன. அவற்றுக்கடியில் பெரிய முதுகுகள் புரண்டன. வாய் திறந்து மூடும் சத்தம் 'தொப், தொப்' என்று நாலா பக்கமும் கேட்டது. மின்னல் இரண்டு தூண்டில்களையும் போட்டுவிட்டுத் திரும்பினால், அண்ணி படகின் அடியில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, சீட்டுக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மேலே பார். இதைப் பார்க்காம அங்கே என்ன பண்றே?"

"காய்ஞ்சு கிடக்கு" என்று சீட்டுக்கடியிலிருந்து குரல் வந்தது. "கருவாடு மாதிரி காய்ஞ்சு கிடக்கு."

அந்த நொடியில் அண்ணியின் காலுக்குப் பக்கத்திலிருந்த தூண்டில் கம்பு வளைந்து, நூல் சுற்றிய ரீல் அலறியது. மின்னலின் கையில் மற்றத் தூண்டில். அதிலும் மீன்.

"அண்ணி, கம்பைப் பிடி. போகுது பார், பிடி."

அண்ணி எழுந்து, இடித்து, தடுமாறிக் கம்பைப் பிடித்தாள். கம்பு அவளை இரண்டு அடி இழுத்தது. "என்ன பண்ணணும்?"

"இழுத்தா விடு. நின்னா சுத்து. அதட்டாதே, தாஜா பண்ணு."

படகுக்குப் பின்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு அது எழுந்தது. ஆள் கை நீளத்துக்கு வெள்ளித் தகடு ஒன்று காற்றில் நின்று தலையை உதறியது. செவுள் சிவப்பாக விரிந்து கடகடத்தது. அண்ணி வாயைத் திறந்தபடி பார்த்தாள். சுற்ற மறந்துவிட்டாள். "சுத்து அண்ணி, சுத்து." சுற்றினாள். மீன் படகுக்கடியில் பாய்ந்தது. அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடினாள். மின்னலின் மீன் அந்தக் குழப்பத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. மின்னல் அதைக் கவனிக்கவே இல்லை. வலைக்கரண்டியை நீட்டி, சரியான சமயத்தில் கொடுத்துத் தூக்கினாள். கொடுவா படகுக்குள் விழுந்து, வாலால் படார் படார் என்று அடித்தது.

அண்ணி மீனைத் தாண்டிப் பாய்ந்தாள். ஒட்டுப் போட்ட இடத்தில் உள்பக்கம் கை வைத்துத் தடவினாள். பிறகுதான் மீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிசா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள், ஏமாற்றப்பட்டவள்போல.

அப்புறம் அவர்களுக்குப் பேச நேரமிருக்கவில்லை. தூண்டிலைப் போட்ட கையை எடுப்பதற்குள் இழுத்தது. ஐஸ் பெட்டி நிரம்பி, மூடி மூடவில்லை. மீன்களை ஈரச் சாக்கில் போட்டார்கள். ஒருமுறை வெல்டரின் படகு பக்கத்தில் வந்தது. அவர் தண்ணீருக்கு மேல் தெரிந்த ஒட்டுத் தகட்டைக் குனிந்து பார்த்தார்.

"யாரு போட்டது?"

"இவங்கதான்" என்று மின்னல் சொன்னாள். "எங்க அண்ணி."

அண்ணிக்குக் கேட்கவில்லை. கம்பு மறுபடி வளைந்திருந்தது, அவள் பாதம் பதித்து நின்றாள். வெல்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு வரிசை அடிச்சிருக்காங்க. கெட்டி வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூரியன் மரங்களைத் தொட்டபோது ஏற்றம் நின்றது. பறவைகள் கலைய ஆரம்பித்தன. படகு பாரத்தில் தாழ்ந்து மிதந்தது. கரையில் அண்ணன் இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிடுவது சின்னதாகத் தெரிந்தது.

"போதும் அண்ணி. கிளம்பலாம். அண்ணன் பயந்துட்டிருக்கு."

அண்ணியின் முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கையெல்லாம் செதில். அவள் கரைக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் இரையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் அங்கேயேதான் இருப்பார், எங்கே போயிடப் போறார்" என்றாள். "அந்தப் பக்கம் ஒண்ணு புரண்டுச்சு, நான் பார்த்தேன். மெதுவா விடு."

மின்னல் இன்ஜினைத் தணித்து, படகின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினாள்.